அஞ்சியவர்களின் அமைதி

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த ஆரம்ப காலத்தில் மரண அறிவித்தல்களை ஒப்புநோக்கும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இறந்தவர் சைவராயின் 'சிவபதமடைந்தார்' என்றும், கிறிஸ்தவராயின் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றும் வாசகம் அமையும். ஊர், பெயர், உறவுமுறை, நல்லடக்கம் நடைபெறும் நேரம் ஆகியவற்றில் பிழை நேர்ந்துவிடக் கூடாது என்பதில் கண்ணாயிருந்தேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவனாக இருந்தும், அந்த 'நித்திரை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் என்னோடு ஆசிரியபீடத்தில் நீண்டகாலம் பணியாற்றிய நண்பர் ஒருவர் புற்றுநோயினால் பீடிக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். நோயின் தீவிரத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். எமது சமூகத்தில் இது வழமையான ஏற்பாடு. நோயாளிக்கு எல்லாம் தெரியும். தனக்குத் தெரியும் என்பதை அவர் காட்டிக்கொள்ள மாட்டார். நாமும் அரசியல் பேசிவிட்டு எழுந்து வருவோம்.

ஒருநாள் நான் அங்கிருந்தபோது போதகர் ஒருவர் வந்தார். உரத்த குரலில் ஜெபித்தார். விசுவாசம் உறுதியாக இருந்தால் மூன்று வாரங்களில் எழுந்து நடப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நண்பர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு. அப்ப எனக்கு விசுவாசம் காணாதோ?"

நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஒன்பதாம் நாள் அவர் காலமானார். அந்தக் கேள்வி மாத்திரம் என்னோடு தங்கிவிட்டது. காலங்கடந்த பதிலாகவே இதனை எழுதுகிறேன்.

மரணத்தை எதிர்கொண்ட கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர் ஜேர்மனிய இறையியலாளரான டீட்ரிச் பொன்ஹோபர். ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே குரல் கொடுத்த அவர் 1943 ஏப்ரலில் கைதானார். இரண்டு வருடங்கள் சிறையிலிருந்த பின்னர் 1945 ஏப்ரல் 9ஆம் திகதி அதிகாலையில் புளொசன்பேர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. சரியாக இரு வாரங்களில், ஏப்ரல் 23ஆம் திகதி, அமெரிக்கப் படையினர் அந்த முகாமை விடுவித்தனர்.

முகாமின் மருத்துவர் பல வருடங்கள் கழித்து எழுதிய ஒரு குறிப்பு பிரசங்கங்களில் பெரிதும் பயன்படுத்தப்படுவது. பொன்ஹோபர் முழந்தாளிட்டு ஜெபித்ததாகவும், சிறிதும் கலங்காமல் தூக்குமேடை ஏறியதாகவும் அது கூறுகிறது. ஆனால் அந்தச் சாட்சியம் நம்பத்தகுந்ததுதானா என்ற சந்தேகத்தை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். வதைமுகாமில் கடமையாற்றிய ஒருவருக்கு, அங்கு நிகழ்ந்த கொலையொன்றை அமைதியான மரணமாகச் சித்திரிக்க வேண்டிய தேவை இருந்திருக்கலாம் அல்லவா?

அந்தக் காட்சியை ஒதுக்கிவிட்டாலும் பொன்ஹோபர் எனக்குச் சிறியவராகிவிடவில்லை. இன்னும் நெருங்கி வருகிறார். பெர்லின் நகரின் டேகல் சிறையில் ஆரம்ப நாட்களில் தற்கொலை பற்றிய எண்ணம் தமக்கு வந்துபோனதை அவருடைய சிறைக் குறிப்பொன்று காட்டுகிறது. 1944இல் எழுதிய 'நான் யார்?' என்ற கவிதையில், வெளியே நிமிர்ந்து நடப்பதாகப் பிறர் சொல்லும் மனிதனா, உள்ளே கூண்டுப் பறவையாகத் தவிக்கும் மனிதனா, இவர்களில் நான் எவன் என்று தம்மையே கேட்கிறார். கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. நான் எவனாயினும் கடவுளுக்கு உரியவன் என்ற உறுதியோடு கவிதை முடிகிறது.

அவருடைய கடிதமொன்றில் வரும் சம்பவத்தையும் குறிப்பிட வேண்டும். 1944 ஜனவரியில் விமானக் குண்டுவீச்சின்போது கைதிகள் தரையில் படுத்திருக்கிறார்கள். வழமையாக விளையாட்டுத்தனமாகத் திரியும் ஒருவர் கடவுளே, கடவுளே என்று கதறுகிறார். பொன்ஹோபரோ அவருக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடங்களுக்கு மேல் இது நீடிக்காது என்று மாத்திரம் சொன்னாராம். நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதனின் பலவீனத்தை மதப் பிரசாரத்துக்கான வாய்ப்பாக்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அந்த வைத்தியசாலைக்கு வந்த போதகரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கைக்கடிகாரமும் எனக்கு நினைவுக்கு வரும்.

அஞ்சுவது விசுவாசக் குறைவு என்றால் கெத்சமனே தோட்டத்தை என்ன செய்வது? கிரேக்க ஞானி சோக்கிரட்டீஸ் நஞ்சுக் கிண்ணத்தைச் சலனமின்றி வாங்கிக் குடித்ததாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். இயேசுவைப் பற்றிச் சுவிசேஷங்கள் தருகின்ற சித்திரம் வேறு. அவர் வியாகுலப்படுகிறார், இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கக்கூடாதா என்று மன்றாடுகிறார், விழித்திருக்கும்படி கேட்ட சீடர்களோ உறங்கிவிடுகிறார்கள், சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறுகிறார். இந்த வேறுபாட்டை இறையியலாளர் ஒஸ்கார் குல்மான் 1955இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். மரணம் ஆன்மாவை விடுவிக்கும் நண்பன் என்பது சோக்கிரட்டீஸின் நம்பிக்கை. கிறிஸ்தவம் மரணத்தைப் பகைவன் என்றே அழைக்கிறது. பகைவனைக் கண்டு அஞ்சுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தப் பகைவனின் ஊடாக ஒருவர் ஏற்கனவே நடந்து சென்று மீண்டுவிட்டார் என்பதே உயிர்த்தெழுதல் பற்றிய விசுவாசம்.

நண்பரே, பயம் நீங்கிய பிறகு வருவதன்று இந்த அமைதி. பயத்தோடு இருக்கும் மனிதனைத் தனியே விடாத ஒருவர் உண்டு என்பதிலிருந்து அது வருகிறது.

இது மனதைத் தேற்றிக்கொள்ளும் கற்பனை என்பாரும் உளர். சிக்மண்ட் பிராய்ட் 1927இல் இந்த வாதத்தை ஒரு நூலாகவே எழுதினார். இலகுவில் தள்ளிவிடக்கூடிய வாதமும் அல்ல. மத நம்பிக்கை எதுவுமின்றி நிதானமாக இறந்த இடதுசாரித் தோழர்களையும் நான் அறிவேன். அமைதி கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய சொத்து என்று வாதிடுவது என் நோக்கமல்ல. ஆனால் வெறும் கற்பனை மனிதனை ஆபத்திலிருந்து தப்பியோடச் செய்திருக்க வேண்டும். 1939இல் நியூயோர்க்கில் பாதுகாப்பாக இருந்த பொன்ஹோபர் சில வாரங்களிலேயே ஜேர்மனிக்குத் திரும்பினார். தமது மக்களோடு சோதனைக் காலத்தைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் பின்னர் நாட்டைக் கட்டியெழுப்புவதில் பங்கேற்கத் தமக்கு உரிமை இராது என்று அவர் கருதினார். மறுமை மீதான நம்பிக்கை அவரை இம்மையின் பொறுப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவருடைய கடைசி ஞாயிறு 1945 ஏப்ரல் 8. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு அது. ஷோன்பேர்க் என்ற கிராமத்துப் பாடசாலையொன்றில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி கேட்டபோது அவர் தயங்கினார். கடவுள் நம்பிக்கையற்ற சோவியத் கைதியொருவர் அங்கு இருந்தார். அவருக்கு அது சங்கடமாகிவிடுமோ என்பதே தயக்கத்துக்குக் காரணம். அவரும் விரும்பிய பின்னரே ஆராதனை நடந்தது. முடிந்த சிறிது நேரத்தில் ஆட்கள் வந்து அழைத்துச் சென்றார்கள். தமக்கு இது முடிவு, ஆனால் வாழ்வின் தொடக்கமும் இதுவே என்ற பொருள்பட பொன்ஹோபர் விடைபெற்றதாக, உடனிருந்த பிரித்தானிய அதிகாரி பெய்ன் பெஸ்ட் பதிவுசெய்திருக்கிறார். சாகப்போகும் வேளையிலும் பக்கத்திலிருப்பவனின் சங்கடத்தை எண்ணிய அந்தத் தயக்கமே என்னைப் பொறுத்தவரை தூக்குமேடைக் கதையைவிடப் பெரிய சாட்சியம்.

எமது நாட்டிலும் ஓர் உயிர்ப்பு ஞாயிறு இரத்தத்தில் தோய்ந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுத்தாக்குதல்களில் 250க்கும் அதிகமானோர் பலியானார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களுள் சிறுவர்கள் பலர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'எல்லாம் தேவசித்தம்' என்று சொல்வது கொடூரம். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அந்தத் தாயோடு அழவேண்டும். அவளுக்காக நீதியும் கேட்கவேண்டும். மரணம் பகைவன் என்றால், மரணத்தை விதைத்தவர்களைப் பற்றிய உண்மையைக் கேட்பதும் விசுவாசத்தின் பாற்பட்டதே.

சபைகளிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. மரணப் படுக்கையில் இருப்பவரோடு பேரம்பேச வேண்டாம். உடல் நலம்பெற ஜெபியுங்கள், அதில் தவறில்லை. ஆனால் நலம்பெறாமற் போனால் அது அவருடைய விசுவாசக் குறைவு என்ற சுமையை ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். அவர் அழ விரும்பினால் அழட்டும். விடைபெற வேண்டியவர்களிடம் விடைபெறவும், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்கவும் அவருக்கு இடங்கொடுங்கள். கெத்சமனேயில் சீடர்களிடம் கேட்கப்பட்டது விழித்திருப்பது மட்டுமே.

நானும் அன்று உறங்கிவிட்ட சீடர்களில் ஒருவன்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதிலாக அவருடைய கையைப் பற்றிக்கொண்டு, "ஓமடா தம்பி, பயம்தான். அவரும் பயந்தவர். நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்று சொல்லியிருக்கலாம்.

அவருடைய மரண அறிவித்தலை ஒப்புநோக்கியது நான்தான். 'நித்திரையடைந்தார்' என்ற சொல்லில் அன்று முதற்தடவையாகக் கண் நின்றது. நித்திரை கொள்பவரை யாரோ ஒருவர் எழுப்புவார் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.