மூன்று வயதுக்குப் பனிச்சறுக்குப் பள்ளி எதற்கு?

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்குப் பள்ளிகள் மூன்று வயதுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. தொடக்கநிலைக்குப் பெயர் 'பியூ-பியூ'. அதற்குமேல் 'கரடிக்குட்டி', 'பனித்துகள்', பின்னர் நட்சத்திரங்கள். ஓடும்போதே தடுக்கிவிழும் பருவத்தில் தரவரிசையும் பதக்கமும் வந்துவிடுகின்றன.

மொழியைப் போலவே இதுவும் காலம் தவறினால் கைவராது என்பது ஆதரிப்போர் வாதம். இது மொழியியலிடமிருந்து தவறாகப் பெற்ற கடன். 1967இல் எரிக் லென்னபெர்க் விரித்துரைத்த கருதுகோள் முதல்மொழி பெறும் பருவத்தைப் பற்றியது. அப்பருவமும் ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்கிப் பூப்புப் பருவம்வரை நீள்வது. உவமையை அப்படியே ஏற்றாலும் மூன்றாம் வயதில் பதற வேண்டியதில்லை. மேலும், எக்குழந்தையும் தாய்மொழியைக் கட்டணம் கட்டிப் பதக்கத்துக்காகக் கற்பதில்லை.

மொழியியல் உணர்த்துவது வேறொன்று. 'வலிக்கிறது', 'குளிர்கிறது' என்னும் சொற்கள் மூன்று வயதில் வந்துவிடும். ஆனால் இறுகிய காலணிக்குள் விரல் மரத்துப்போவதையும், சரிவைக் கண்ட அச்சத்தையும், தாயைத் தேடும் தவிப்பையும் பிரித்துரைக்கும் திறன் அப்போது முதிர்ந்திருப்பதில்லை. எஞ்சுவது அழுகை. அதனைப் 'பழகிவிடும்' என்று பொருள்கொள்வது பெரியவர்களின் வசதி. விடுமுறைக்கு வந்த அயல்நாட்டுக் குழந்தைக்கோ பயிற்றுநரின் மொழியே புரியாமற் போகலாம்.

பெற்றோர் தாம் சறுக்கி மகிழச் சில மணிநேரம் வேண்டுவது குற்றமன்று. அதற்குக் குழந்தைகள் காப்பகம் போதும். அத்தேவைக்கு அறிவியல் போர்வை எதற்கு? குழந்தை பனியில் உருளட்டும், உருண்டை பிடித்து எறியட்டும். வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் காரணத்தோடு விடைசொல்லும் வயதில் வகுப்புத் தொடங்கட்டும்.