பண்டிகைச் சந்தை யாருக்கு?

மார்கழி பிறப்பதற்கு முன்பே பத்திரிகைகளில் சுற்றுலாக் கம்பெனிகளின் விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. ஐரோப்பாவுக்கு வாருங்கள், பனி பொழியும் வீதிகளில் கிறிஸ்துமஸ் சந்தைகளைக் கண்டு களியுங்கள் என்று அவை அழைக்கின்றன. கட்டணம் தலைக்கு லட்சக் கணக்கில். செட்டியார்பட்டியில் தறி ஓட்டுகிறவரும், ராஜபாளையத்தில் ஷிப்டு மாறி மாறி மில்லுக்குப் போகிறவரும், வயலில் களை எடுக்கும் பெண்ணும் அந்த விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். இது நமக்கல்ல என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

போகிறவர்கள் போகட்டும். நமக்குப் பொறாமை இல்லை. ஊர் பார்ப்பதும் உலகம் பார்ப்பதும் நல்லதே. ஆனால் அந்தச் சந்தையை உண்டாக்கியவர் யார்? அங்கே அடுக்கியிருக்கும் பொருளைச் செய்தவர் யார்? அதைக் கண்டு மகிழ யாருக்கு ஓய்வு கிடைக்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கைத்தொழிலாளரின் சந்தை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434இல் தோன்றியது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஒரே ஒரு நாள், இறைச்சி விற்க ஆட்சியாளர் கொடுத்த அனுமதிதான் அதன் தொடக்கம். பண்டிகை விருந்துக்கு ஜனங்கள் கறி வாங்க வேண்டுமல்லவா? ஸ்டிராஸ்பர்க் நகரச் சந்தை 1570இல் தொடங்கியது. நியூரம்பர்க் சந்தைக்கு 1628ஆம் ஆண்டு முதல் எழுத்துச் சான்று இருக்கிறது. 1737இல் அங்கே கடை போட உரிமை பெற்றிருந்தவர்கள் 140 பேர். நகரத்தின் கைத்தொழிலாளரில் ஏறக்குறைய எல்லாப் பிரிவினரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நம் ஊர்த் திருவிழாவில் குயவரும் வளையல்காரரும் மிட்டாய்க்காரரும் கடை விரிப்பதைப் போலத்தான்.

பெர்லினில் என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நகரில் பெரிய பெரிய கடைகள் எழுந்தன. ஏழை எளியவர் கூடும் சந்தைக்கு நகரத்தின் நடுவில் இடமில்லாமல் போயிற்று. 1893இல் அது தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் தள்ளப்பட்டது. இன்றோ அதே பெர்லினின் நடுவீதிகளில் கிறிஸ்துமஸ் சந்தைகள் ஜொலிக்கின்றன. சந்தையால் லாபம் வரும் என்று தெரிந்தால் ஏழையின் சந்தைக்கும் மவுசு வந்துவிடும்!

பொம்மைக்குப் பின்னால்

அந்தச் சந்தைகளில் மரப் பொம்மைகள் புகழ் பெற்றவை. ஜெர்மனியின் சைபன் என்ற மலைக் கிராமத்தில் அவை செய்யப்படுகின்றன. அங்கே முன்பு வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத் தொழில் நசித்தது. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளிகள் மரம் கடையத் தொடங்கினார்கள். பொம்மைக்குக் கிடைத்த விலையோ அற்பம். ஆகவே மரத்தை வளையமாகக் கடைந்து, பிட்டுத் துண்டுகளைப் போல் பிளந்து, ஒரே வளையத்தில் பல குதிரைகளை எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பசி கற்றுக்கொடுத்த தொழில்நுட்பம் அது!

லவுஷா என்ற ஊரில் கண்ணாடிக் குண்டுகளை ஊதினார்கள். தகப்பன் ஊத, தாயும் பிள்ளைகளும் வர்ணம் தீட்ட, வீடே பட்டறையாயிற்று. 1880 முதல் ஊல்வொர்த் என்ற அமெரிக்க வியாபாரி அவற்றை வாங்கி விற்றுப் பெரும் பணக்காரரானார். ஊதியவன் வீட்டில் அந்த வெளிச்சம் ஏறவில்லை.

இன்று உலகத்தின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும்பகுதி சீனத்தின் யிவு நகரிலிருந்து போகிறது. காஷ்மீரத்து முஸ்லிம் கைவினைஞர் காகிதக் கூழில் கிறிஸ்துமஸ் குண்டுகளும் மணிகளும் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். கரூரின் மேஜை விரிப்பும் திருப்பூரின் பனியனும் அந்தக் குளிர்நாட்டு வீடுகளுக்குப் போகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்களின் மீது 50 சதவீதச் சுங்கம் விதித்தபோது, கிறிஸ்துமஸ் ஆர்டர்களை நம்பியிருந்த திருப்பூர் ஆடிப்போயிற்று. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்திட்டால் திருப்பூரில் ஒரு தொழிலாளியின் வேலை போகிறது!

நம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியும் கடல் கடந்து போகிறது. பண்டம் கப்பலேறுகிறது, அதைச் செய்த கை தறிமேட்டிலேயே நிற்கிறது.

ஓய்வு தானமல்ல

ஐரோப்பியத் தொழிலாளி குடும்பத்தோடு சந்தைக்குப் போகிறாரே, அது எப்படி? முதலாளிகள் மனம் இரங்கிக் கொடுத்ததா? இல்லை. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளிகள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பலனாகவே ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் வாரத்துக்கு 40 மணி வேலையும் சட்டமாயின. ஜெர்மனியில் இன்று சட்டப்படி குறைந்தது நான்கு வாரச் சம்பள விடுமுறை உண்டு. பல தொழில்களில் சங்க ஒப்பந்தப்படி கிறிஸ்துமஸ் பணமும் உண்டு.

இங்கே? 1958ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்துடன் தரச் சொல்லிற்று. 1965ஆம் ஆண்டுச் சட்டம் லாபமானாலும் நஷ்டமானாலும் குறைந்த அளவு போனஸ் உண்டு என்றது. அந்த அளவு 8.33 சதவீதம், ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். புதிய சம்பளச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் பயிற்சியாளர் என்றும், ஒப்பந்தக் கூலி என்றும், விடுதிப் பெண்கள் என்றும் பெயர் சூட்டி எத்தனை பேரை இந்தக் கணக்கிலிருந்து தள்ளிவைக்கிறார்கள்! பத்துத் தறி போட்ட பட்டறையில் பண்டிகைக்குக் கூலியுடன் விடுமுறை கேட்டால் என்ன பதில் வருகிறது?

விவசாயத் தொழிலாளியின் நிலைமை இதைவிட மோசம். அவருக்கு வேலையில்லாத நாள் உண்டு. விடுமுறை நாள் கிடையாது. கரும்பை வெட்டிக் கட்டி லாரியில் ஏற்றுகிறவர் தம் பிள்ளைக்கு ஒரு கரும்பு வாங்கக் கடன் கேட்கிறார்.

"கையில் காசு கொடுத்தால் பண்டிகையில் தொலைத்துவிடுவார்கள்" என்று சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். ஐரோப்பாவில் போய் லட்சத்தைச் செலவழித்தால் அது அனுபவம்; நம் சந்தையில் ஆயிரத்தைச் செலவழித்தால் அது ஊதாரித்தனமோ? தொழிலாளியின் போனஸ் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். பானைக்காகக் குயவருக்கும், மஞ்சள் கொத்துக்காக விவசாயிக்கும், புதுத் துணிக்காக நெசவாளிக்கும் தையல்காரருக்கும் போகிறது. போனஸ் போட்ட வருஷம் சந்தை களைகட்டும். போடாத வருஷம் பானை விற்காமல் கிடக்கும். மில்லில் நிறுத்திய பணம் சூளையில் நெருப்பை அணைக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. பண்டிகைக்கு முன்பே போனஸ் கைக்கு வர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சிப் பெண்ணுக்கும் அதில் பங்கு வேண்டும். பட்டறையிலும் பண்டிகை விடுமுறைக்குக் கூலி வேண்டும். விவசாயத் தொழிலாளிக்குப் பண்டிகை நாளின் கூலியைச் சட்டமே உறுதி செய்ய வேண்டும்.

தோழர்களே! பொங்கல் நெருங்கி வந்தபின் கேட்பதில் பயனில்லை. உங்கள் மில்லில், உங்கள் பட்டறையில், உங்கள் ஊரில் யார் யாருக்குப் போனஸ் இல்லை, யாருக்கு விடுமுறைக் கூலி இல்லை என்று இப்போதே பெயர் பெயராகக் கணக்கெடுங்கள். அந்தப் பட்டியலைச் சங்கத்தில் வையுங்கள். பிரெஞ்சுத் தொழிலாளியும் கூடிக் கேட்டுத்தான் பெற்றார்.