தோற்றுத் திரும்பும் ஹெவிவெயிட் வீரர்: அடுத்த வெற்றியை எவ்வளவு நம்பலாம்?

2018 ஜூலை 7, லாஸ் வேகாஸ். பிரான்சிஸ் எங்கானுவும் டெரிக் லூயிஸும் மோதிய யு.எஃப்.சி. ஹெவிவெயிட் ஆட்டம் மூன்று சுற்று, முழுசாக 15 நிமிடம் ஓடியது. இருவரும் சேர்ந்து இறக்கிய வலுவான அடிகள் மொத்தமே 31. அதில் எங்கானுவின் பங்கு 11. உலகிலேயே பலமாகக் குத்தக்கூடியவர் என்று பெயர் வாங்கிய மனுஷன், எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அரங்கத்தில் ஒரே கேலிக் கூச்சல். நடுவர்கள் வெற்றியை லூயிஸுக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஸ்டிபே மியோசிச்சிடம் பட்டப் போட்டியில் தோற்றிருந்தார் எங்கானு. அடுத்தடுத்து இரண்டு தோல்வி. ‘ஆள் காலி’ என்று ரசிகர்கள் தீர்ப்பு எழுதினார்கள். யு.எஃப்.சி. தலைவர் டேனா வைட்டே வெளிப்படையாகக் குறை சொன்னார். ஆனால் 2021 மார்ச்சில், அதே மியோசிச்சை இரண்டாவது சுற்றில் சாய்த்து எங்கானு சாம்பியன் ஆனார்.

‘பார்த்தீர்களா, தோல்வியை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது’ என்று இங்கேயே முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். தோல்வியை வைத்து எடைபோடலாம், தப்பில்லை. எப்படித் தோற்றார் என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். அதைவிட ஏமாற்றக்கூடியது இன்னொன்று இருக்கிறது: தோல்விக்குப் பின் வரும் முதல் வெற்றி.

தோற்காதவர் யார்?

ஹெவிவெயிட் என்றால் சுமார் 93 கிலோவுக்கு மேல், 120 கிலோ வரை. இந்த எடையில் யார் கை யார் தாடையில் பட்டாலும் ஆட்டம் முடிந்துவிடலாம். லைட்வெயிட்டில் பத்து அடி வாங்கியும் தாக்குப்பிடிப்பவர்கள் உண்டு. இங்கே ஒன்றே போதும். அதனால் திறமை உள்ளவரும் தோற்பார், அடிக்கடி தோற்பார்.

பட்டத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. யு.எஃப்.சி. ஹெவிவெயிட் பட்டம் 1997-ல் வந்தது. அதைத் தொடர்ந்து மூன்று முறை தக்கவைத்த முதல் ஆள் மியோசிச்தான். அதுவும் 2018-ல், எங்கானுவைத் தோற்கடித்தபோது. 21 வருஷத்தில் வேறு யாராலும் முடியவில்லை.

வயசும் இங்கே கொஞ்சம் தாராளம். ராண்டி கோட்யூர் 2007-ல் பட்டத்தைத் திரும்ப வென்றபோது அவருக்கு 43. டேனியல் கோர்மியர் மியோசிச்சை வீழ்த்தியபோது 39. எங்கானு பாஸ்டனில் தோற்றபோது வயசு 31. அந்த வயசில் ஒரு ஹெவிவெயிட் தோற்றால் ‘இனி அவ்வளவுதான்’ என்று சொல்வது அவசரம்.

பாஸ்டன் கேட்ட கேள்வி

2018 ஜனவரி 20. அதற்கு ஏழு வாரம் முன்புதான் அலிஸ்டர் ஓவரீமை ஒரே இடது கைக் குத்தில் மயக்கம் போட வைத்திருந்தார் எங்கானு. அந்த வீடியோவைப் பார்க்காத எம்.எம்.ஏ. ரசிகர் இருக்க முடியாது. யு.எஃப்.சி.யில் அதுவரை ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. ஆறிலும் மூன்றாவது சுற்று என்பதே வரவில்லை. அதாவது, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் இவர் என்ன ஆவார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

மியோசிச் அதைத்தான் சோதித்தார். முதல் சுற்றில் பெரிய குத்துகளைத் தாண்டினார். பிறகு கட்டிப் பிடித்துச் சாய்ப்பது, மேலே படுத்து எடையை இறக்குவது, எழ விடாமல் கூண்டுச் சுவரோடு அழுத்துவது. மேலே கிடக்கும் நூற்றுப் பத்து கிலோவைத் தள்ளி எழுவதற்கு எவ்வளவு மூச்சு போகும் என்று யோசித்துப் பாருங்கள். அதை ஐந்து சுற்று, 25 நிமிடம் செய்ய வேண்டும். மூன்று நடுவர்களும் ஒரே மாதிரி 50-44 என்று எழுதினார்கள். ஒரு சுற்றுகூட எங்கானுவுக்கு இல்லை.

இந்தத் தோல்வி கேட்ட கேள்வி தெளிவானது. உங்களைத் தரையில் சாய்க்க வந்தால் தடுக்க முடியுமா? ஆட்டம் நீண்டால் மூச்சு இருக்குமா? இரண்டுமே பயிற்சிக்கூடத்தில் சரிசெய்யக்கூடியவை. அதனால் அடி பலமாக இருந்தாலும், எதிர்காலம் பற்றிக் கவலைப்பட வைக்கும் தோல்வி இது இல்லை.

லூயிஸிடம் தோற்றதுதான் மோசம். அங்கே யாரும் அவரைச் சாய்க்கவில்லை, திணறடிக்கவில்லை. அவராகவே கையை நீட்டவில்லை. போன ஆட்டத்தின் பயத்தை இந்த ஆட்டத்துக்கும் சுமந்து வந்ததாகப் பிறகு அவரே சொன்னார். உடம்பில் அடி பட்ட வீரரை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அடிக்கவே தயங்கும் வீரருக்கு என்ன மருந்து? மணல் குவாரியில் வேலை பார்த்த கேமரூன் சிறுவன் கண்டம் தாண்டி இந்தக் கூண்டுக்குள் வந்து நின்றதே பெரிய கதை. அந்தக் கதை அன்றைக்கு நின்றுபோனது போலத்தான் தெரிந்தது.

162 வினாடி

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2018 நவம்பரில் பெய்ஜிங்கில் கர்டிஸ் பிளேட்ஸ், 45 வினாடி. 2019 பிப்ரவரியில் முன்னாள் சாம்பியன் கெயின் வெலாஸ்கெஸ், 26 வினாடி. ஜூனில் இன்னொரு முன்னாள் சாம்பியன் ஜூனியர் டோஸ் சான்டோஸ், 71 வினாடி. 2020 மே மாதம் ஜைர்சினோ ரோசன்ஸ்ட்ரூக், 20 வினாடி.

நான்கையும் கூட்டினால் 162 வினாடி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ‘பழைய எங்கானு திரும்பிட்டார்’ என்று கொண்டாட்டம்.

ஆம், திரும்பியது பழைய எங்கானுதான். சிக்கலும் அதுதான். அடிக்கத் தயங்குகிறார் என்ற சந்தேகம் பெய்ஜிங்கிலேயே தீர்ந்தது. அந்த அளவில் முதல் வெற்றிக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பாஸ்டன் கேட்ட கேள்விக்கு இந்த 162 வினாடியில் ஒரு வரி பதில்கூட இல்லை. பிளேட்ஸும் வெலாஸ்கெஸும் மல்யுத்தத்தில் தேர்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் நீடித்துப் பிடி போட அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. பத்தாவது நிமிடம் எப்படி இருக்கும் என்பது 2018-ல் தெரியாத மாதிரியே 2020-லும் தெரியாது. அன்றைக்கு ‘கண்டிப்பாக சாம்பியன்’ என்றவர்களும், இரண்டு வருஷம் முன்பு ‘ஆள் காலி’ என்றவர்களும், கையில் வைத்திருந்த ஆதாரம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

பதில் 2021 மார்ச் 27-ல் வந்தது. பலரும் நினைவில் வைத்திருப்பது இரண்டாவது சுற்றின் நாக்அவுட்டை. அதைவிட முக்கியமானது முதல் சுற்றில் ஒரு சில நொடி. மியோசிச் பழைய மாதிரியே காலைப் பிடிக்க வந்தார். எங்கானு இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, எடையை மேலே போட்டு, அவரையே கீழே அமுக்கி அடித்தார். பாஸ்டன் கணக்கு அங்கே பாதி தீர்ந்துவிட்டது.

மீதி 2022 ஜனவரியில், அனஹைமில் சிரில் கானுக்கு எதிராக. முழங்காலில் காயத்தோடு இறங்கிய எங்கானு முதல் இரண்டு சுற்றில் பின்தங்கினார். பிறகு அவரே கானைத் தரையில் சாய்க்க ஆரம்பித்தார். ஐந்து சுற்றும் முடிந்து, நடுவர்கள் தீர்ப்பில் பட்டத்தைத் தக்கவைத்தார். எந்த வித்தையால் தோற்றாரோ அதே வித்தை, அதே 25 நிமிடம். தோல்வியிலிருந்து மீண்டார் என்று சந்தேகம் இல்லாமல் சொல்ல நான்கு வருஷம் ஆனது.

அதே கேள்வி, இப்போது கானுக்கு

அன்று தோற்ற கான் கதையைத் தொடர்ந்து பாருங்கள். பிரான்ஸ்காரர், தாய் பாக்ஸிங்கிலிருந்து வந்தவர், இந்த எடையில் இவ்வளவு லாவகமாகக் கால் நகர்த்துபவர்கள் அபூர்வம். எங்கானு காட்டிக்கொடுத்த பலவீனம், தரை.

எட்டு மாதம் கழித்து பாரிஸில் தாய் துய்வாசாவை மூன்றாவது சுற்றில் வீழ்த்தினார். செம ஆட்டம், சொந்த ஊர் ரசிகர்கள் கூரையைப் பிளந்தார்கள். ஆனால் துய்வாசாவும் நின்று குத்துபவர். தரையில் சாய்க்கும் ஆளே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எப்படிக் கிடைக்கும்?

2023 மார்ச் 4-ல் ஜான் ஜோன்ஸ் கேட்டார். சாய்த்தார், கழுத்தைக் கையால் வளைத்து நெரித்தார். 2 நிமிடம் 4 வினாடியில் முடிந்தது. பாரிஸ் வெற்றியைப் பார்த்துக் கான் தேறிவிட்டார் என்று நம்பியவர்களுக்கு அது அதிர்ச்சி. எதிராளியின் பெயரைப் பார்த்து வைத்தவர்களுக்கு இல்லை.

அதே செப்டம்பரில் கான் செர்கெய் ஸ்பிவாக்கைத் தோற்கடித்தார். துய்வாசா ஆட்டத்தின் பரபரப்பில் பாதிகூட இதில் இல்லை. ஆனால் ஸ்பிவாக்கின் பிழைப்பே எதிராளியைத் தரைக்கு இழுப்பதுதான். அவர் முயற்சியைத் தடுத்து, இரண்டாவது சுற்றில் அடித்து முடித்தார் கான். ஜோன்ஸ் அளவுக்கு ஸ்பிவாக் கெட்டிக்காரர் இல்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் கானின் எதிர்காலத்தைக் கணிக்க இந்த மந்தமான வெற்றிதான் அதிகம் உதவும்.

சில தோல்விகளில் கேள்வியே இருக்காது. 2022 ஜூலையில் லண்டனில் டாம் ஆஸ்பினால் பிளேட்ஸிடம் 15 வினாடியில் தோற்றார். காரணம், முழங்கால். ஒரு வருஷம் கழித்து வந்தவர், அதே 2023-ல் இடைக்கால சாம்பியன் ஆனார். அவருடைய ஆட்டத்தைப் பற்றி அந்த 15 வினாடி எதுவுமே சொல்லவில்லை.

திருத்த முடியாத தோல்வி

இன்னொரு வகை இருக்கிறது. பேசத்தான் யாருக்கும் பிடிக்காது.

ஜூனியர் டோஸ் சான்டோஸ் 2011 நவம்பரில் வெலாஸ்கெஸை 64 வினாடியில் வீழ்த்திப் பட்டம் வென்றவர். 2012 டிசம்பரில் மறுஆட்டம். ஐந்து சுற்றும் அடி வாங்கித் தோற்றார். 2013 அக்டோபரில் மூன்றாவது ஆட்டம். ஐந்தாவது சுற்றில் நடுவர் நிறுத்தும்வரை மறுபடி அடி. முகம் அடையாளம் தெரியாமல் வீங்கும் அளவுக்கு. அந்த இரண்டு ஆட்டத்திலும் அவர் காட்டிய மனஉறுதியை எல்லோரும் புகழ்ந்தார்கள். கீழே விழாமல் நின்றதற்கான விலையை அவர் உடம்புதான் கொடுத்தது. அதன்பின் ஜெயிக்காமல் இல்லை. மியோசிச்சையே 2014-ல் தோற்கடித்தார், 2018-19-ல் தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்றார். ஆனால் பட்டம் திரும்பவில்லை. யு.எஃப்.சி.யில் அவருடைய கடைசி நான்கு ஆட்டமும் தோல்வி. நான்கிலும் அடி தாங்காமல் ஆட்டம் நின்றது.

டெக்னிக் பிழை என்றால் திருத்தலாம். 2018-ல் கோர்மியரிடம் முதல் சுற்றிலேயே மயங்கிய மியோசிச், 13 மாதம் வேறு யாரோடும் மோதாமல் காத்திருந்து, மறுஆட்டத்தின் நான்காவது சுற்றில் விலாவைக் குறிவைத்துக் குத்திப் பட்டத்தை மீட்டார். ஆனால் தலையில் சேர்ந்த அடிகளுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. தாடை ஒருமுறை பலம் இழந்தால் எந்தப் பயிற்சியாளரும் அதைத் திருப்பித் தர முடியாது.

பிறகு ஏன் ஓய்வெடுக்காமல் இறங்குகிறார்கள்? பணம். யு.எஃப்.சி. ஒப்பந்தங்களில் பொதுவாகக் கூண்டில் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் பெரும்பாலும் அதே அளவு இன்னொரு தொகை. தோற்றவருக்கு அன்றைக்கே பாதி போச்சு. மாதச் சம்பளம் இல்லை, அடுத்த ஆட்டம் வந்தால்தான் வருமானம். நாக்அவுட் ஆனவருக்கு அமெரிக்க விளையாட்டு ஆணையங்கள் மருத்துவத் தடை போடும். அந்தத் தடை முடியும் தேதிக்கும் மூளை தேறும் தேதிக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எங்கானுவுக்கே இது பின்னால் வந்தது. 2023 ஜனவரியில் யு.எஃப்.சி.யை விட்டு வெளியேறி, குத்துச்சண்டைக்குப் போனார். முதல் ஆட்டத்தில் டைசன் பியூரியைக் கீழே தள்ளி, நூலிழையில் தோற்றார். 2024 மார்ச் 8-ல் ஆண்டனி ஜோஷுவா அவரை மூன்று முறை தரைக்கு அனுப்பினார். மூன்றாவது முறை இரண்டாவது சுற்றில், நினைவே இல்லை. அடுத்த மாதம் அவருடைய 15 மாத மகன் இறந்தான். அக்டோபரில் எம்.எம்.ஏ.வுக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 38. தன்னைவிட உயரமான ரெனான் ஃபெரேராவைத் தரையில் சாய்த்து, மேலிருந்து குத்தி முதல் சுற்றிலேயே முடித்தார். பாஸ்டனில் எதற்குத் திணறினாரோ அது இப்போது அவர் கையில் ஆயுதம். ஆனால் ஜோஷுவா எழுப்பிய கேள்வி தாடையைப் பற்றியது, அதை அந்த மூன்றரை நிமிடம் தொடவே இல்லை.