ஜவுளிக்காரர் செய்த சீர்திருத்தமும், நகைக்காரர் கண்ட புண்ணிய நாளும்

ஆடி மாதம் ஆகாத மாதமாம். அதில் கல்யாணம் கூடாது, புதுவீடு புகக்கூடாது, நல்ல காரியம் எதையுமே தொடங்கக்கூடாது என்பதாக நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய் நடுங்கி வந்தார்கள். ஆனால் உழுகிறவனோ ஆடிப்பட்டம் தேடித்தான் விதைத்தான். விதை முளைக்க நல்ல மாதம், மனிதன் மணக்க மாத்திரம் ஆகாத மாதமாம்! இதை எத்தனையோ மேடைகளில் எடுத்துச் சொன்னோம். கேட்டவர்கள் நம்மை நாஸ்திகர் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். கல்யாணமில்லாத மாதத்தில் சரக்குத் தேங்குவதைக் கண்ட ஜவுளிக்காரர், கடை வாசலில் "ஆடித் தள்ளுபடி" என்று ஒரு பலகையை மாட்டினார். அவ்வளவுதான்! சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஆடியில் நுழைகிறவர் தோளோடு தோள் இடிபடாமல் வெளியே வர முடியாது. "ஆகாத மாதமாயிற்றே, இதில் புதுச்சேலை எடுக்கலாமா?" என்று அங்கே ஆணோ பெண்ணோ ஒருவராவது கேட்பதுண்டா? நம்முடைய பிரசாரத்தால் ஆகாததை நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி செய்து முடித்துவிட்டது.

இதற்காக நாம் மகிழலாமா என்றால், மகிழ முடியாது. ஏனெனில் ஆடியின் பயத்தை விட்டவர்கள் யோசித்து விடவில்லை. மலிவைக் கண்டு விட்டார்கள். யோசியாமல் விட்டவனுக்கு யோசியாமலே இன்னொன்றைப் பிடித்துக் கொள்ள எவ்வளவு நேரமாகும்? ஒரு கடைக்காரர் இடித்த மூடநம்பிக்கைக்குப் பதிலாக வேறொரு கடைக்காரர் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டார். அதுதான் அட்சய திருதியை நகை வியாபாரம்.

நம் பாட்டன்மார் நகை வாங்கிய விதமென்ன? நெல்லோ கடலையோ விற்று நாலு காசு மிஞ்சினால், ஊர்ப் பத்தரிடம் பொன்னைக் கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்து, உருக்குவதையும் நிறுப்பதையும் பார்த்துச் செய்து கொண்டார்கள். பத்தரெல்லாம் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. மாற்றுக் குறைத்தவர்களும் உண்டு. ஆனால் வாங்கும் நாளைத் தீர்மானித்தது வாங்குகிறவனுடைய மடிச்சீலையே ஒழிய, விற்கிறவனுடைய விளம்பரமல்ல. வளர்பிறை மூன்றாம் நாளென்று அட்சய திருதியை அன்றும் பஞ்சாங்கத்தின் ஒரு மூலையில் கிடந்தது. அன்று விடியுமுன் நம் பாட்டிமார் நகைக்கடை வாசலில் வரிசையில் நின்றதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

பெரிய தங்கச் சுரங்கக் கம்பெனிகள் 1987இல் ஒன்றுகூடி உலகத் தங்கக் கவுன்சில் என்று ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தின. உலகத்தாரைத் தங்கம் வாங்கத் தூண்டுவது அதன் வேலை. நம் நாட்டிலோ 1968ஆம் வருஷத்துத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. கதவு திறந்ததும் சரக்கு வந்தது. சரக்கின் பின்னால் விளம்பரம் வந்தது. விளம்பரத்தின் பின்னால் புண்ணியம் வந்து சேர்ந்தது! அட்சய பாத்திரக் கதையை எடுத்துக் கொண்டாலும், அதில் வந்தது சோறே தவிர, சங்கிலியும் வளையலுமல்ல. அந்நாளில் தானம் கொடு என்றுதான் பழைய வைதிகர்களும் சொன்னார்கள். கொடுக்கச் சொன்ன நாளை வாங்கும் நாளாக மாற்றியது எந்த ரிஷி?

கணக்கையாவது பார்ப்போம். 100 ரூபாய்ப் பொன்னுக்குச் செய்கூலி, சேதாரம் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 112க்கும் சேர்த்து நூற்றுக்கு 3 வீதம் சரக்கு வரி. ஆகக் கொடுத்தது 115 ரூபாய்க்கு மேல். மறுநாள் விற்றால் 100 ரூபாய் வந்தாலே பெரிது. வளர்ந்த செல்வம் யாருடையது?

"வாங்கியவர்களுக்கு விலை ஏறியதே" என்பார்கள். ஏறியது உண்மைதான், அமாவாசையன்று வாங்கியவனுக்கும் அதே ஏற்றந்தானே? 2024 மே 10ஆம் தேதி திருதியைக் கூட்டம் வாங்கியது. ஜூலை 23ஆம் தேதி மத்திய சர்க்கார் தங்கத்தின் இறக்குமதி வரியை 15லிருந்து 6 சதவிகிதமாகக் குறைத்ததும் விலை சடசடவென்று இறங்கிற்று. அன்று காப்பாற்ற எந்தத் திதி வந்தது?

நமக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளி, தம் மனைவியின் நாலு கிராம் கம்மலை அடகு வைத்து, அந்தப் பணத்தில் திருதியையன்று இரண்டு கிராம் மோதிரம் வாங்கினார். "செல்வம் பெருகும்" என்றார். மாதாமாதம் பெருகியது வட்டி. கம்மல் மீளவில்லை, ஏலத்துக்குப் போயிற்று. இரண்டு கிராம் பெறுவதற்கு நாலு கிராமை இழக்கும்படி செய்த நாளுக்கா குறையாத நாள் என்று பெயர்?

தோழர்களே! பொன் வாங்காதீர்கள் என்பதல்ல நம் வாதம். தேவையிருந்தால், கையில் காசிருந்தால், என்றைக்கு வேண்டுமானாலும் வாங்குங்கள். நாளைப் பாராமல் ஹால்மார்க் முத்திரையைப் பாருங்கள். நட்சத்திரத்தைப் பாராமல் ரசீதைப் பாருங்கள். வியாபாரி தன் லாபத்துக்காக ஒரு மாதத்தில் பஞ்சாங்கத்தை மூடச் சொல்கிறான். இன்னொரு மாதத்தில் திறக்கச் சொல்கிறான். இரண்டு தடவையும் அவன் சொன்னபடியே ஆடுகிறவர்கள் நாம். தள்ளுபடிக்காக ஆடியில் அதை மூடத் தெரிந்த கைகளுக்கு, குடும்பத்தின் நன்மைக்காகச் சித்திரையிலும் மூடத் தெரியாதா?