கிரிவலம் ஒரே நிமிடத்தில்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் நடந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். ஃபால்கன் 2000 ஜெட்டுக்கு அந்தத் தூரம் ஒரு நிமிடம். அது ஏறக்கூடிய உயரமும் 47 ஆயிரம் அடி, கிட்டத்தட்ட அதே 14 கிலோமீட்டர்தான். நேர் மேலே!

ரஃபேல் போர் விமானம் செய்கிறதே பிரான்ஸின் டசால்ட், அந்த நிறுவனத்தின் தயாரிப்பு இது. அவர்களுடைய ஃபால்கன் 900-க்கு மூன்று இன்ஜின். அதன் உடலைக் கொஞ்சம் குறுக்கி, ஒரு இன்ஜினைக் கழற்றிவிட்டு வடிவமைத்ததுதான் 2000. முதலில் பறந்தது 1993 மார்ச்சில்.

இப்போதைய எல்எக்ஸ்எஸ் மாடலில் பத்துப் பேர் வரை சொகுசாகப் போகலாம். ஆறடி ஆள் குனியாமல் நடக்கலாம். ஒரே மூச்சில் 7,400 கிலோமீட்டர் பறக்கும். சென்னையில் ஏறி டோக்கியோவில் இறங்கலாம். இறக்கையின் முன்விளிம்பில் முன்னே நீளும் தகடுகள் இருப்பதால், வேகத்தைக் குறைத்துச் சின்ன ஓடுபாதையிலும் இறங்கும். ஆனால் ஓடுபாதை என்று ஒன்று வேண்டுமே! ஜெட் வைத்திருக்கும் கோடீஸ்வரரும் அண்ணாமலையாரைப் பார்க்கச் சென்னையில் இறங்கி, திண்டிவனம், செஞ்சி வழியாகக் காரில்தான் வர வேண்டும்.

சரி, இந்த விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 2025 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஓர் அறிவிப்பு வந்தது: இந்த எல்எக்ஸ்எஸ், ரிலையன்ஸ் கூட்டணியில் நாக்பூரில் முழு விமானமாகத் தயாராகும். ஃபால்கன் பிரான்ஸுக்கு வெளியே முழுசாக உருவாவது இதுவே முதல்முறை. 2028-க்குள் முதல் விமானம் பறக்க வேண்டும் என்பது இலக்கு. மூக்குப் பகுதியை அங்கே 2019-லிருந்தே செய்துவருகிறார்கள்.

சந்தோஷம்தான். ஆனால், வந்த வரைபடத்தைப் பார்த்துப் பூட்டுவது வேறு, வரைபடத்தையே போடுவது வேறு. இரண்டாவதை முயன்றது பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம். அவர்களின் 14 இருக்கை 'சரஸ்' 2004 மே 29-ல் பறந்தது. 2009 மார்ச்சில் சோதனைப் பறப்பின்போது பிடதி அருகே விழுந்து, விமானப்படையினர் மூவர் உயிரிழந்தார்கள். திட்டம் முடங்கியது. மேம்படுத்திய சரஸ் மீண்டும் எழும்ப 2018 ஜனவரி ஆகிவிட்டது. இப்போது 19 இருக்கை மாடலுக்கு வேலை நடக்கிறது.

இன்னொரு விஷயம். ஃபால்கனுக்கும் சரி, சரஸுக்கும் சரி, இன்ஜின் தந்தது ஒரே நிறுவனம்: கனடாவின் பிராட் அண்ட் விட்னி.