தயிரும் நோயெதிர்ப்பாற்றலும்

குண்டசாலைப் பகுதியிற் பாலுணவுக்குப் பஞ்சமில்லை. திகனையில் மில்கோ நிறுவனத்தின் பாற்றொழிற்சாலை இயங்குகின்றது. கடைகளில் யோகட் கிண்ணங்களும் எருமைத் தயிர்ச் சட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. தயிரை நாள்தோறும் உண்பவரை நோய் அணுகாது என்பார் சிலர். பிள்ளைக்குத் தடிமன் கண்டவுடன் தயிர்ச் சட்டியை மறைத்து வைப்பார் வேறு சிலர். இரு திறத்தாரும் எல்லை மீறுகின்றனர் என்பதே என் கருத்து.

தயிரின் புகழை உலகறியச் செய்தவர் உருசிய நாட்டிற் பிறந்து, பாரிசு பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றிய மெச்னிக்கோவ் என்னும் அறிஞர். குருதியின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் வியத்தகு செயலை விளக்கியமைக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. ஆயினும், குடலில் நிகழும் அழுகலைப் புளித்த பால் தடுத்து ஆயுளை நீட்டும் என்றே அவர் எண்ணினார். அக்கொள்கை பின்னர் நிலைபெறவில்லை. தயிரை உறையச் செய்யும் பற்றீரியாக்கள் நம் குடலிற் குடியேறுவதில்லை. சில நாள் விருந்தினராய்த் தங்கி வெளியேறிவிடும். பயன் வேண்டுவோர் இடைவிடாது உண்ணல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பயன் உண்டா எனின், ஓரளவு உண்டு. யப்பானில் பூனகத்தா, அரித்தா என்னும் ஈரூர்களில் முதியோருள் ஒரு சாரார் நாளும் 90 கிராம் தயிரும், மறுசாரார் பாலும் உட்கொண்டனர். தயிருண்டோர்க்குத் தடிமன் காணும் வாய்ப்புக் குறைந்திருந்தது என 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது தேர்ந்தெடுத்த தனி இனப் பற்றீரியாவால் உறைந்த தயிர். தயிர் விற்கும் நிறுவனத்தாரும் அவ்வாராய்ச்சியிற் பங்குகொண்டனர். நம் வீட்டு உறைமோருக்கு அம்முடிவை அப்படியே பொருத்தலாகாது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தயிர் முதலிய புளித்த உணவுகளைப் பத்து வாரம் உண்டோரின் குடல் நுண்ணங்கிகளின் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஆய்வுக்குட்பட்ட இரு குழுவினரும் சேர்ந்தே 36 பேர்தாம். அவர்கள் நோயின்றி வாழ்ந்தார்களா என்பது அதில் ஆராயப்படவில்லை.

நிற்க. தடிமனைத் தருவது வைரசு, தயிரன்று. அளவோடு தயிருண்ணும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. எனினும், காய்ச்சலுக்குத் தயிரை மருந்தாக்குவதும் தடுப்பூசிக்கு மாற்றாகக் கொள்வதும் பேதைமை. காய்ச்சாத பாலிற் செய்த தயிரை நோயுற்று நலிந்தோர்க்கு அளித்தல் தீங்காகவும் முடியலாம். மோர்க்குழம்பிற் கொதித்த தயிரில் உயிருள்ள பற்றீரியாக்களைத் தேடுவதும் வீணே. அது நாவுக்கு நன்று, அவ்வளவுதான்!

கடை யோகட்டில் என் மனம் ஒவ்வாதது அதன் சர்க்கரை. நோயெதிர்ப்பின் பெயரால் இனிப்பை ஊட்டுகின்றோம். விழா நினைவாக வாயில் வளைவு எழுப்பலாமா என ஆலோசிக்கும் அன்பர்கள், மாணாக்கர் சிற்றுண்டிச்சாலையிற் சர்க்கரை சேராத தயிர் நாள்தோறும் கிடைக்க வழிசெய்தல் பற்றியும் எண்ணுவார்களாக. அதற்கு வேண்டுவது ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதன் விலை வளைவுக்காகும் செலவிற் சிறு பகுதியே.