அடுப்படிப் பக்கம்: கிண்டிய கைக்கும் ஒரு விலை



பெருநாள், நத்தார், தைப்பொங்கல், கோயில் திருவிழா என்று ஒன்று மாறி ஒன்று வரும் எமது புத்தளம் கரையோரத்தில் பலகாரத்துக்குக் குறைவில்லை. இந்த மாதம் நல்ல இனிப்புப் பலகாரம் எது, அதை எப்படி ருசி பார்த்து வாங்குவது என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தார்கள். வேலை காரணமாகப் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை வீடு வீடாகப் போகிறவள் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அப்படி ருசி பார்த்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறேன். அவற்றைச் செய்கிற கைகளுக்குக் கிடைப்பது என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது தொதல். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்கூட இதற்கு இதே பெயர்தான். அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றும்தான் இதன் உயிர். மற்றதெல்லாம் கையின் வேலை. தாச்சியில் ஊற்றிய நேரம் முதல் அகப்பையை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். கலவை இறுகி, தாச்சியை விட்டு ஒட்டாமல் சுருண்டு, தேங்காயெண்ணெய் பிரிந்து மேலே வரும்போதுதான் பதம். அந்த எண்ணெயை வடித்து எடுத்தவர்களின் தொதல் நாள்பட இருக்கும். வாங்கும்போது ஒரு துண்டை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முகம் பளபளவென்று இருந்து, கத்தியில் ஒட்டாமல் வந்தால் நல்லது. வாயில் போட்டதும் மா மணம் வந்தால் அவசரத்தில் இறக்கியிருக்கிறார்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது மஸ்கற். ஓமான் நாட்டுத் தலைநகரின் பெயரைச் சுமந்து வந்த பலகாரம். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவி, அந்தப் பாலை எடுத்துச் சீனியும் நெய்யும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். நல்ல மஸ்கற் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலத் தெரியும், பல்லில் ஒட்டாது. கண்ணைப் பறிக்கும் சிவப்பையும் பச்சையையும் பார்த்து ஏமாறாதீர்கள். நிறம் கூடினால் ருசி கூடாது. கஜு போட்ட, நிறம் குறைந்த மஸ்கற்றையே நான் சிபாரிசு செய்வேன்.

மூன்றாவது வட்டிலப்பம். கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி, முட்டை, ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய். இதை ஆவியில்தான் அவிக்க வேண்டும். நெருப்புக் கூடினால் நடுவில் ஓட்டை விழுந்து தண்ணீர் விடும். மேலே சின்னச் சின்னக் குழிகள் இருந்து, கரண்டி வைத்ததும் நடுங்கி, ஆனால் உடையாமல் வருகிற வட்டிலப்பம்தான் சரி. இது நாள்பட இருக்கிற பலகாரமல்ல. அன்றைக்கோ அடுத்த நாளோ சாப்பிட்டுவிட வேண்டும். கடையில் குளிரூட்டிக்கு வெளியே மணிக்கணக்காக வைத்திருந்தால் கையை நீட்டாதீர்கள்.

அடுத்தது வடக்கிலிருந்து வந்த இரண்டு பலகாரங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் ஊரை விட்டார்கள். பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது எமது மாவட்டத்துக்கு. மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். நகையும் உறுதிப் பத்திரமும் கொண்டுவர முடியாதவர்களும் கைப்பக்குவத்தைக் கொண்டு வந்தார்கள். அது சோதனைச் சாவடியில் பறித்தெடுக்க முடியாத சாமான்.

பனங்காய்ப் பணியாரம் அப்படி வந்தது. பழுத்த பனம்பழத்தின் களியைப் பிழிந்து வடித்து, சீனியோடு நன்றாகக் காய்ச்சி, மா சேர்த்துச் சிறு உருண்டைகளாக எண்ணெயில் போட்டு எடுப்பது. பனங்களிக்கு இயற்கையாகவே ஒரு கைப்பு உண்டு. பொறுமையாகக் காய்ச்சினால்தான் அது அடங்கும். ஆகவே கடித்தவுடன் இனிப்பு, பிறகு பனம்பழ மணம், தொண்டையில் கைப்பில்லை என்றால் செய்தவர் கைதேர்ந்தவர். கற்பிட்டிப் பக்கத்தில் பனைகள் இருப்பதால் பழம் விழுகிற காலத்தில் இது இங்கேயும் கிடைக்கும்.

பயற்றம் பணியாரம் யாழ்ப்பாணத்தின் பெயர் சொல்வது. வறுத்த பயற்றமா, தேங்காய்ப்பூ, சர்க்கரை சேர்த்து உருட்டி, மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பது. தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுத்தவர்களுடையது பல நாள் பழுதாகாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொதி அனுப்புகிறவர்கள் இதைத் தேடி வாங்குவது அதனால்தான். உள்ளே நொறுநொறுவென்று உதிர வேண்டும், வெளித்தோல் மெல்லியதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, அவணில் சுடுவது ஒன்று. முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற 'சூன் பாண்' காரரிடம் பிள்ளைகள் கிம்புலா பனிஸ்தான் கேட்பார்கள். அதே காசுக்கு வீட்டில் சுட்ட ஞானக்கத்தா கிடைத்தால் அதை வாங்கிக் கொடுங்கள். கோதுமை மா, சீனி, நெய் என்று சாமான் குறைவு. விரலால் அழுத்தினால் மணல் போல உதிர வேண்டும், மேலே மெல்லிய வெடிப்பு இருக்க வேண்டும். மாஜரின் போட்டதென்றால் நாக்கின் மேல் மெழுகு போல ஒரு படலம் நிற்கும். நெய் போட்டதில் அது இல்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். கருப்பட்டி, பனங்கட்டி என்றாலும் அதுவும் இனிப்புத்தான். ருசிக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி விலைக்கு வருவோம். நான் சந்திக்கிற வீடுகளில் கணவனை இழந்து, அல்லது காணாமற்போனவரைத் தேடிக்கொண்டே, பலகாரம் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். "லாபம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சாமான் காசு போக ஏதோ மிஞ்சும் தங்கச்சி." அந்த 'ஏதோ' எவ்வளவு என்று உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம்.

நாலு கிலோ தொதலுக்கு அரிசிமா, கருப்பட்டி, தேங்காய், ஏலக்காய் எல்லாம் 3,600 ரூபா என்று வைப்போம். விறகு 400, பொதி செய்ய 200. மொத்தம் 4,200. கிலோ 1,200 ரூபாவுக்கு விற்றால் 4,800 கிடைக்கும். கையில் மிஞ்சுவது 600 ரூபா. தேங்காய் துருவுவதிலிருந்து வெட்டிப் பொதி செய்வது வரை எட்டு மணித்தியாலம் என்றால், ஒரு மணித்தியாலத்துக்கு 75 ரூபா. வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனால்கூட இதைவிடக் கூடக் கிடைக்கும். அதே தொதலைக் கிலோ 1,600க்கு விற்றால் மிஞ்சுவது 2,200. மணித்தியாலத்துக்கு 275 ரூபா. கிலோவுக்கு 400 ரூபா கூட்டியது வாங்குகிறவருக்குக் கொஞ்சம் பாரம்தான். செய்கிறவருக்கோ அது பிள்ளையின் வகுப்புக் காசு.

சமூகவியல் படித்தபோது வீட்டுப் பெண்களின் வேலையைக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று படித்தோம். இங்கே அந்த உழைப்பைக் கணக்கில் எழுத மறப்பது வாங்குகிறவர் மட்டுமல்ல, செய்கிறவரும்தான். "என்ர கைவேலைதானே, அதுக்கென்ன காசு" என்ற பேச்சை நாம் விட வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சீனியும் மாவும் காஸும் எட்டாத விலைக்குப் போயின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறியது. ஒவ்வொரு முறையும் சாமான் விலை ஏறியபோது, பலகாரத்தின் விலையை ஏற்றத் தயங்கித் தங்கள் கூலியைக் குறைத்துக்கொண்டவர்கள் பெண்களே.

ஆகவே விற்கிற சகோதரிகளுக்கு மூன்று விடயங்கள். ஒன்று, ஒரு பழைய கொப்பியில் சாமான் செலவோடு செலவான நேரத்தையும் எழுதுங்கள். விலை சொல்லும்போது அந்தக் கொப்பி பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு, பொதியின் மேல் பலகாரத்தின் பெயர், போட்ட சாமான்கள், நிறை, செய்த திகதி, பாவிக்கக்கூடிய கடைசித் திகதி, உங்கள் விலாசம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். பெரிய கடைக்குக் கொடுக்க விருப்பமென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலே சந்தித்து, உணவுச் சட்டப்படி என்னென்ன வேண்டுமென்று கேளுங்கள். அவர் பிழை பிடிக்க மட்டும் வருகிறவரல்ல, வழி சொல்வதும் அவருடைய வேலை. மூன்று, பக்கத்து வீட்டுக்காரியைவிடப் பத்து ரூபா குறைத்து விற்கும் போட்டி வேண்டாம். நாலு பேர் கூடி ஒரே விலை பேசிக்கொண்டால் நாலு பேரும் நிமிரலாம். சேர்ந்து தேங்காயையும் சீனியையும் மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவிலோ, உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவிலோ, பெருநாளுக்கு முதல் நாள் சந்தையிலோ பலகாரம் வாங்கும்போது ருசி பாருங்கள், திகதி கேளுங்கள், பழுதென்றால் திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் உரிமை. நல்லதென்று மனம் சொன்னால் சொன்ன விலையைக் கொடுங்கள். பேக்கரிக் கேக்குக்கு வாய் திறக்காமல் காசு கொடுக்கிற நாம், தாச்சியடியில் நின்று கை வலிக்கக் கிண்டியவளிடம் மட்டும் பேரம் பேசுவது நியாயமில்லை.

உங்கள் ஊரில் வேறு எங்கும் கிடைக்காத இனிப்பு ஏதாவது இருந்தால், செய்முறையை எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். செலவுக் கணக்கையும் செலவான நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். அடுத்த மாதம் அவற்றில் சிலவற்றைச் சேர்ந்து ருசி பார்ப்போம்.